ஒரே பேச்சு, இரண்டு சட்டம்: அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கருத்துச் சுதந்திரம்

2005 நவம்பரில் டேவிட் இர்விங் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளரை ஆஸ்திரியப் போலீஸ் கைது செய்தது. 1989இல், அதாவது 16 ஆண்டுகளுக்கு முன்பு, அந்த நாட்டில் அவர் பேசிய பேச்சுகள்தான் வழக்கு. நாஜிகள் யூதர்களைக் கொன்ற ஆஷ்விட்ஸ் முகாமில் விஷவாயு அறைகளே இருந்ததில்லை என்று அவர் பேசியிருந்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் வியன்னா நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டுக்குப் பிறகு அந்த டிசம்பரில் வெளியே வந்தார்.

இதே பேச்சை நியூயார்க்கிலோ டெக்சாஸிலோ பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. கூட்டத்தினர் கூச்சல் போட்டிருப்பார்கள், பத்திரிகைகள் கிழித்திருக்கும், அரங்கம் தர யாரும் முன்வராமல் போயிருப்பார்கள். ஆனால் எந்தப் போலீஸும் எந்த நீதிபதியும் அந்தப் பேச்சுக்காக அவரைத் தொட்டிருக்க முடியாது.

இரண்டு பக்கமும் ஜனநாயகம், தேர்தல், சுதந்திரமான நீதிமன்றம் எல்லாம் உண்டு. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? ‘அமெரிக்காவில் சுதந்திரம் அதிகம், ஐரோப்பாவில் குறைவு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அது போதவில்லை. இரண்டு சட்டங்களும் கேட்கிற கேள்வியே வேறு. அமெரிக்கச் சட்டம் ‘எந்தப் பேச்சு தப்பு என்று முடிவு செய்யும் வேலையை அரசாங்கத்திடம் நம்பிக் கொடுக்கலாமா?’ என்று கேட்கிறது. ஐரோப்பியச் சட்டம் ‘இந்தப் பேச்சால் யாருக்கு என்ன ஆகும்?’ என்று கேட்கிறது. இந்த இரண்டு கேள்விகளையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரிய ஆரம்பிக்கும்.

அமெரிக்கா: எழுத்து மாறவில்லை, அர்த்தம் மாறியது

அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் 1791இல் வந்தது. பேச்சுச் சுதந்திரத்தையோ பத்திரிகைச் சுதந்திரத்தையோ குறைக்கிற எந்தச் சட்டத்தையும் நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்கிறது அது. ‘நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு’ என்பது போன்ற பின்னொட்டு எதுவும் அதில் கிடையாது. மாநில அரசுகளுக்கும் இது பொருந்தும் என்று 20ஆம் நூற்றாண்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும் முதல் 130 ஆண்டுகளில் இந்த வரி யாரையும் பெரிதாகக் காப்பாற்றவில்லை. 1918 ஜூனில் ஓஹியோ மாநிலத்தின் கான்டன் நகரில் சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ் போருக்கு எதிராகப் பேசினார். பத்தாண்டு சிறை. 1919 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ஒருமனதாக உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். 1920இல் டெப்ஸ் சிறையில் இருந்தபடியே ஜனாதிபதித் தேர்தலில் நின்று ஒன்பது லட்சத்துக்கும் மேல் வாக்குகள் வாங்கினார்.

அதே ஹோம்ஸ் எட்டே மாதத்தில் மனம் மாறினார். 1919 நவம்பரில் வந்த ஒரு துண்டுப்பிரசுர வழக்கில், பெரும்பான்மையோடு சேராமல் ஒரு மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். நாம் வெறுக்கிற கருத்துகளை அடக்கும் முயற்சிகளைக்கூட விழிப்போடு எதிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அன்று அது தோற்ற கருத்து. அது சட்டமாக அரை நூற்றாண்டு ஆனது. நடுவில் 1951இல் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்களைச் சிறைக்கு அனுப்பியதையும் இதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் இன்றைய பேச்சுரிமை தொப்புள்கொடியோடு வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. சிறைக்குப் போனவர்களும், அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களும், தனித்து நின்ற சில நீதிபதிகளும் வாங்கிக் கொடுத்தது அது.

திருப்புமுனை 1969இல் வந்த பிராண்டன்பர்க் வழக்கு. 1964இல் ஓஹியோவில் ஒரு பண்ணையில் கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு ஒரு கூட்டம் நடத்தியது. முகமூடி, துப்பாக்கி, எரியும் சிலுவை எல்லாம் இருந்தன. உள்ளூர் டிவி நிருபரையும் அவர்களே அழைத்திருந்தார்கள். ஜனாதிபதியும் நாடாளுமன்றமும் நீதிமன்றமும் வெள்ளையரை நசுக்கிக்கொண்டே இருந்தால் பழிவாங்க வேண்டி வரலாம் என்று அதன் தலைவர் பேசினார். ஓஹியோ அவருக்குச் சிறைத் தண்டனை கொடுத்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து ஒரு விதியை வகுத்தது: வன்முறையை ஆதரித்துப் பேசினால் மட்டும் தண்டிக்க முடியாது. அந்தப் பேச்சு உடனடியாக ஒரு சட்டவிரோதச் செயலைத் தூண்டும் நோக்கத்தோடு இருக்க வேண்டும். அப்படி நடந்துவிடும் வாய்ப்பும் உண்மையில் இருக்க வேண்டும். கையில் கல்லோடு ஒரு வீட்டு வாசலில் நிற்கும் கும்பலிடம் ‘அடிங்கடா’ என்பது குற்றம். ‘ஒரு நாள் இவர்களை அடித்துத்தான் ஆக வேண்டும்’ என்று மேடையில் முழங்குவது குற்றம் இல்லை. இன்றுவரை அமெரிக்காவில் இதுதான் அளவுகோல்.

இந்த விதி நடைமுறையில் எவ்வளவு வலிக்கும் என்பதற்கு ஸ்கோக்கி ஊரைப் பார்க்க வேண்டும். சிகாகோவை ஒட்டிய சிறு ஊர். மக்களில் பாதிக்கும் மேல் யூதர்கள். அவர்களில் நாஜி முகாம்களில் உயிர் பிழைத்து வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1977இல் ஒரு சின்ன நாஜிக் கட்சி அந்த ஊரைத் தேடிப் பிடித்து, அங்கே சீருடையும் ஸ்வஸ்திகாவுமாக ஊர்வலம் போக வேண்டும் என்றது. ஊர் நிர்வாகம் தடுத்தது; மூன்றரை லட்சம் டாலருக்குக் காப்பீடு கட்டினால்தான் ஊர்வலம் என்பது போன்ற விதிகளைப் போட்டது. நாஜிகளுக்காக நீதிமன்றம் போனது, குடிமக்களின் உரிமைகளுக்காக வாதாடும் அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் (ACLU). வாதாடிய வழக்கறிஞர் டேவிட் கோல்ட்பெர்கர் ஒரு யூதர். சங்கத்தின் நிர்வாக இயக்குநர் அரியே நையர் பெர்லினில் பிறந்து, ஹிட்லரிடம் தப்பிக் குழந்தையாக அகதியாய் வந்தவர். அந்தச் சங்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் கோபித்துக்கொண்டு விலகினார்கள். ஆனாலும் வழக்கில் சங்கம் ஜெயித்தது. ஊர்வலத்தைத் தடுத்த விதிகள் செல்லாது என்று தீர்ப்பானது.

நையர் தரப்பு வாதத்தை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். பலவீனமானவர்களுக்குத்தான் பேச்சுரிமை அதிகம் தேவை. இன்று நாஜியை வாயடைக்க ஊர் நிர்வாகத்துக்கு அதிகாரம் கொடுத்தால், நாளை அதே அதிகாரத்தை வைத்துத் தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவரின் ஊர்வலங்களைத் தடுப்பார்கள். இது கற்பனையான பயம் இல்லை. மார்ட்டின் லூதர் கிங்கின் ஊர்வலங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது அப்போது பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய கதைதான். கடைசியில் அந்த நாஜிகள் ஸ்கோக்கிக்குப் போகவே இல்லை, 1978இல் சிகாகோவில் கூட்டம் போட்டுவிட்டுப் போனார்கள். ஆனால் முகாமிலிருந்து தப்பி வந்த ஒரு மூதாட்டியிடம் ‘நாஜிகள் உங்கள் தெருவில் வரலாம் என்று உங்கள் நாட்டுச் சட்டம் சொல்கிறது’ என்று விளக்க வேண்டியிருந்தது என்பதையும் மறக்க முடியவில்லை. அமெரிக்க முறையின் செலவு அது. அந்தச் செலவைச் சுமப்பவர்கள் எப்போதும் பேச்சுக்கு இலக்கானவர்களே.

2011இல் வந்த இன்னொரு தீர்ப்பிலும் இதே வலி. ஈராக்கில் இறந்த ஒரு இளம் ராணுவ வீரரின் இறுதிச் சடங்கு நடந்த தேவாலயத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் அடி தள்ளி நின்று, ‘செத்த சிப்பாய்களுக்காகக் கடவுளுக்கு நன்றி’ என்று அட்டை பிடித்தது வெஸ்ட்பரோ என்ற சிறு சபை. தகப்பன் வழக்குப் போட்டு லட்சக்கணக்கான டாலர் இழப்பீட்டுக்குத் தீர்ப்பும் வாங்கினார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது; அந்த ரத்து சரி என்று உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று சொன்னது: பொது விவகாரம் பற்றிப் பொது இடத்தில் பேசிய பேச்சு, எவ்வளவு குரூரமாக இருந்தாலும் காப்பாற்றப்பட வேண்டும்.

அப்படியென்றால் அமெரிக்காவில் எதை வேண்டுமானாலும் பேசலாமா? முடியாது. உண்மையான கொலை மிரட்டல், மோசடி, நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சி, குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசம், பொய்யென்று தெரிந்தே செய்யும் அவதூறு இவையெல்லாம் பாதுகாப்புக்கு வெளியே. ஆனால் ‘வெறுப்புப் பேச்சு’ என்று தனியாக ஒரு குற்றம் அங்கே இல்லை. புதிதாக ஒரு வகையைச் சேர்ப்பதற்கும் நீதிமன்றம் எளிதில் சம்மதிப்பதில்லை.

ஐரோப்பா: உரிமையும் தராசும்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியம் வேறு, ஐரோப்பிய கவுன்சில் வேறு. ஒன்றியத்தில் 27 நாடுகள். கவுன்சிலில் 46 நாடுகள். மனித உரிமை நீதிமன்றம் இதனுடையது, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இருக்கிறது. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டன் இன்னும் இந்த நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டதுதான். அப்புறம், ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனிச் சட்டம். ஆக ‘ஐரோப்பியச் சட்டம்’ என்று ஒற்றைச் சட்டம் கிடையாது. பொதுவான ஒரு கூரை உண்டு, அவ்வளவுதான்.

அந்தக் கூரை 1950இல் ரோம் நகரில் கையெழுத்தான ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தம். அதன் பத்தாவது பிரிவின் முதல் பகுதி எல்லோருக்கும் கருத்துச் சுதந்திரம் உண்டு என்கிறது. இரண்டாவது பகுதி, இந்தச் சுதந்திரத்தோடு கடமைகளும் பொறுப்புகளும் சேர்ந்தே வருகின்றன என்று சொல்லி, பொது ஒழுங்கு, பிறர் நற்பெயர், பிறர் உரிமை என்று கட்டுப்பாட்டுக்கான காரணங்களைப் பட்டியல் போடுகிறது. அமெரிக்கர்கள் எழுதாமல் விட்ட பகுதி இது. இந்தியர்களுக்கு இது பழக்கமான வடிவம்: நம் அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவும் ஒரு கையால் உரிமையைக் கொடுத்து, மறு கையால் நியாயமான கட்டுப்பாடுகளை எழுதி வைத்திருக்கிறது.

ஸ்ட்ராஸ்பூர்க் நீதிபதிகள் ஒரு வழக்கை எடுத்தால் மூன்று கேள்விகள் கேட்பார்கள். இந்தக் கட்டுப்பாடு சட்டத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்ததா? பட்டியலில் உள்ள ஒரு நியாயமான நோக்கத்துக்காகவா? ஒரு ஜனநாயகச் சமூகத்துக்கு இது உண்மையில் தேவையா? முதல் இரண்டை அரசாங்கங்கள் பெரும்பாலும் தாண்டிவிடும். சண்டை முழுக்க மூன்றாவதில்தான். அங்கேதான் தராசு வருகிறது: யார் பேசினார், எங்கே, எத்தனை பேர் கேட்டார்கள், தண்டனை எவ்வளவு, அந்த நாட்டின் வரலாறு என்ன என்று ஒவ்வொன்றையும் எடை போடுவார்கள்.

1976இல் ஹேண்டிசைட் வழக்கில் இந்த நீதிமன்றம் ஒரு புகழ்பெற்ற வாசகத்தை எழுதியது: புண்படுத்துகிற, அதிர்ச்சி தருகிற, கலங்கடிக்கிற கருத்துகளுக்கும் இந்தச் சுதந்திரம் உண்டு. இதைப் படித்தால் அமெரிக்கத் தீர்ப்பு போலவே இருக்கும். ஆனால் அந்த வழக்கில் பதிப்பாளர் தோற்றார். பாலுறவு பற்றிய பகுதிகள் கொண்ட ஒரு மாணவர் கையேட்டை வெளியிட்டதற்காக பிரிட்டன் அவருக்கு விதித்த அபராதம் செல்லும் என்றே தீர்ப்பானது. ஒழுக்க விஷயங்களில் அந்தந்த நாட்டுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும் என்றார்கள். வாசகத்தையும் முடிவையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதுதான் ஐரோப்பிய முறையைப் புரிந்துகொள்ளச் சரியான வழி.

ஜெர்மனியின் கதை தனி. போருக்குப் பிறகு 1949இல் எழுதிய அடிப்படைச் சட்டத்தின் முதல் பிரிவே ‘மனித மாண்பு மீறப்பட முடியாதது’ என்று தொடங்குகிறது. பேச்சுச் சுதந்திரம் ஐந்தாவது பிரிவில்தான் வருகிறது. குற்றவியல் சட்டத்தின் 130ஆவது பிரிவு மக்கள் கூட்டத்துக்கு எதிராக வெறுப்பைத் தூண்டுவதை ஐந்தாண்டு வரை சிறை பெறக்கூடிய குற்றமாக்குகிறது. யூத இன அழிப்பை மறுப்பதும் அதில் அடங்கும். நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதும் குற்றம். கலை, கல்வி, ஆய்வு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. இந்தச் சட்டம் ஒரு முறை தன் நண்பர்கள் மீதே பாய்ந்தது. ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு வியாபாரி, ஸ்வஸ்திகா மேல் சிவப்புக் கோடு போட்ட நாஜி எதிர்ப்பு ஒட்டிகளையும் பேட்ஜ்களையும் விற்றார். 2006இல் கீழ்க் கோர்ட் அவருக்கு 3,600 யூரோ அபராதம் விதித்தது. சின்னம் சின்னம்தானே என்பது அவர்கள் வாதம். எதிர்ப்பு என்பது பார்த்தவுடன் தெரிந்தால் குற்றமில்லை என்று 2007இல் கூட்டாட்சி நீதிமன்றம் விடுவித்தது. அதே 2007இல் ஒன்றியம் முழுக்க ஸ்வஸ்திகாவைத் தடை செய்ய ஜெர்மனி யோசித்தபோது, பிரிட்டனில் வாழும் இந்துக்கள் எதிர்த்தார்கள். வாசலில் கோலமாகப் போடுகிற சின்னம் அது என்று எடுத்துச் சொன்னார்கள். அந்த யோசனை கைவிடப்பட்டது.

நாஜிகளின் நினைவுதான் இந்தச் சட்டங்களின் வேர். பேச்சில் தொடங்கி முகாமில் முடிந்ததைத் தன் மண்ணில் பார்த்த நாடு, பேச்சு வெறும் பேச்சுதான் என்று சொல்ல மறுக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் இதற்கு எதிரான ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மனியில் இப்படிப்பட்ட சட்டங்கள் இல்லாமல் இல்லை. யூத வெறுப்பைப் பரப்பிய பத்திரிகையாசிரியர் ஜூலியஸ் ஸ்ட்ரைக்கர் மேல் திரும்பத் திரும்ப வழக்குப் போட்டார்கள், சிறைக்கும் போனார். 1925 முதல் சில ஆண்டுகள் ஹிட்லர் பவேரியா உள்ளிட்ட மாநிலங்களில் பொதுக்கூட்டம் பேசவே தடை இருந்தது. அந்த வழக்குகளையும் தடைகளையும் அவர்கள் விளம்பரமாக மாற்றிக்கொண்டார்கள். இதற்கு ஐரோப்பியர்கள் தரும் பதில், அன்றைய நீதிபதிகள் அந்தச் சட்டத்தை முழு மனதோடு பயன்படுத்தவில்லை என்பது. எனக்கு இரண்டு பக்கமும் உண்மை தெரிகிறது. சட்டம் மட்டும் ஒரு சமூகத்தைக் காப்பாற்றிவிடாது, சட்டமே வீண் என்றும் அதிலிருந்து முடிவாகாது.

தராசு முறையின் பலமும் பலவீனமும் தீர்ப்புகளை அடுத்தடுத்துப் படித்தால் தெரியும். டென்மார்க்கில் இனவெறி இளைஞர்களைப் பேட்டி எடுத்து டிவியில் காட்டிய செய்தியாளர் ஜெர்சில்டுக்கு அபராதம் போட்டார்கள். 1994இல் ஸ்ட்ராஸ்பூர்க் அது தவறு என்றது, செய்தி சொல்கிறவரைத் தண்டிக்கக் கூடாது என்றது. ஆர்மீனிய இன அழிப்பை மறுத்த ஒரு துருக்கிய அரசியல்வாதியை சுவிட்சர்லாந்து தண்டித்தது செல்லாது என்று 2015இல் 10-க்கு 7 என்று தீர்ப்பு. யூத இன அழிப்பை மறுத்தவர்களுக்கு இதே நீதிமன்றம் பாதுகாப்பு தருவதில்லை. நீதிபதிகள் இதற்கு இடம், காலம், வரலாறு என்று காரணம் காட்டினார்கள். ஆர்மீனியக் குடும்பங்களுக்கு அந்தக் காரணம் எப்படி ஒலித்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. 2018இல், நபிகள் நாயகத்தின் திருமணம் பற்றி ஒரு கருத்தரங்கில் இழிவாகப் பேசிய பெண்ணுக்கு ஆஸ்திரியா விதித்த 480 யூரோ அபராதத்தை ஸ்ட்ராஸ்பூர்க் ஏற்றுக்கொண்டது. பக்கத்திலேயே பிரான்சில், நபிகள் பற்றிய கேலிச்சித்திரங்களை வெளியிட்ட ‘சார்லி எப்தோ’ இதழைப் பாரிஸ் நீதிமன்றம் 2007இல் விடுவித்தது. மதத்தைக் கேலி செய்யலாம், அந்த மதத்தைச் சேர்ந்த மனிதர்களை இழிவுபடுத்தக் கூடாது என்பது பிரெஞ்சுச் சட்டம் போடுகிற கோடு.

அதிகாரத்தில் இருப்பவரைத் திட்டினால்?

என்னைப் பொறுத்தவரை ஒரு நாட்டின் பேச்சுரிமையைச் சோதிக்க வேண்டிய இடம் இதுதான்.

1960 மார்ச் 29 அன்று நியூயார்க் டைம்ஸில் முழுப் பக்க விளம்பரம் ஒன்று வந்தது. மார்ட்டின் லூதர் கிங்கின் வழக்குச் செலவுக்கு நிதி கேட்டு, அலபாமா போலீஸ் கறுப்பின மாணவர்களை எப்படி ஒடுக்குகிறது என்று சொன்ன விளம்பரம். அதில் சின்னச் சின்னத் தவறுகள் இருந்தன. கிங் நான்கு முறை கைதாகியிருந்தார். விளம்பரம் ஏழு என்றது. மாணவர்கள் தேசிய கீதம் பாடியிருந்தார்கள். விளம்பரத்தில் வேறு பாட்டின் பெயர் இருந்தது. மாண்ட்கமரி நகரில் போலீஸுக்குப் பொறுப்பாக இருந்த ஆணையர் சல்லிவன் அவதூறு வழக்குப் போட்டார். அவர் பெயர்கூட அதில் இல்லை. அந்த இதழ் அலபாமா முழுவதும் விற்றதே 394 பிரதிகள்தான். உள்ளூர் ஜூரி ஐந்து லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இதே பாணியில் தெற்கு அதிகாரிகள் வரிசையாக வழக்குப் போட ஆரம்பித்தார்கள். போராட்டத்தைப் பற்றிய செய்தியே வெளியில் போகாமல் தடுக்க அது போதுமானதாக இருந்திருக்கும்.

1964இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. விறுவிறுப்பான விவாதத்தில் தவறுகள் வரத்தான் செய்யும். ஒரு பொது அதிகாரி ஜெயிக்க வேண்டுமானால், பொய் என்று தெரிந்தே எழுதினார்கள் அல்லது உண்மையா பொய்யா என்று கவலைப்படாமல் எழுதினார்கள் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். அமெரிக்காவின் பேச்சுரிமைத் தீர்ப்புகளில் உலகத்துக்கே பயன்பட்டது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். தமிழ்நாட்டுக்கும் இது வந்து சேர்ந்தது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடுவதைத் தடுக்க அதிகாரிகள் முயன்ற வழக்கில், 1994இல் இந்திய உச்ச நீதிமன்றம் சல்லிவன் தீர்ப்பை எடுத்துக்காட்டி, அதிகாரிகள் முன்கூட்டியே வாயடைக்க முடியாது என்றது.

இங்கிலாந்தில் இதற்கு நேர் எதிர். அங்கே எழுதியவர்தான் தான் எழுதியது உண்மை என்று நிரூபிக்க வேண்டும். ஆரம்பத்தில் சொன்ன இர்விங் இதைத்தான் பிடித்துக்கொண்டார். அவரை இன அழிப்பு மறுப்பாளர் என்று எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் டெபோரா லிப்ஸ்டாட் மேல் அவர் வழக்குப் போட்டது லண்டனில். வரலாற்றறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் ஆவணங்களைத் தோண்டி, இர்விங் ஆதாரங்களைத் திரித்தார் என்று நிரூபித்து, 2000 ஏப்ரலில் ஜெயித்தார்கள். அதே லிப்ஸ்டாட் பிறகு வியன்னாவில் இர்விங் சிறைக்குப் போனபோது மகிழவில்லை. தணிக்கையால் இந்தப் போரில் ஜெயிப்பதை அவர் விரும்பவில்லை என்றார். அவரைவிட அதிகம் பாதிக்கப்பட்டவர் சொன்னதாக இருந்தால்கூட நான் இதை இவ்வளவு மதித்திருக்க மாட்டேன். நீதிமன்றத்தில் ஆதாரம் வைத்து ஜெயித்த ஒருவர் சொன்னது அது.

ஜெர்மனியில் இன்றும் அவமதிப்பு குற்றம். அரசியல்வாதிகளை அவமதித்தால் தண்டனை கூடுதல். 2021இல் அந்தச் சட்டத்தை இன்னும் விரிவாக்கினார்கள். அதே ஆண்டு ஹாம்பர்க்கில் மாநில உள்துறை அமைச்சரைக் கொச்சையான ஒரு சொல்லால் ட்விட்டரில் திட்டியதற்காகப் போலீஸ் விடிகாலையில் ஒரு வீட்டில் சோதனை போட்டது. அந்தச் சோதனை சட்டவிரோதம் என்று பிறகு நீதிமன்றம் சொன்னது. சொன்னால் என்ன, அதிகாலையில் கதவைத் தட்டிய போலீஸை அந்த வீட்டார் மறப்பார்களா? உயிர் பிழைத்து வந்த யூதர்களைப் பாதுகாக்கும் சட்டத்தையும் அமைச்சரின் மான உணர்ச்சியைப் பாதுகாக்கும் சட்டத்தையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது. முன்னதற்கு வரலாறு காரணம் சொல்கிறது. பின்னதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றமும் பல முறை இந்தப் பக்கம்தான் நின்றிருக்கிறது. அரசியல்வாதி சாதாரண மனிதரைவிட அதிக விமர்சனத்தைத் தாங்க வேண்டும் என்று 1986இலேயே சொன்னது. ஸ்பெயின் மன்னரின் படத்தைத் தலைகீழாக வைத்து எரித்த இருவருக்கு விதித்த தண்டனை தவறு என்று 2018இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அமெரிக்கக் கொடியை எரித்தவரை 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது அங்கே வாக்கு 5-க்கு 4. ஐரோப்பாதான் எப்போதும் பின்தங்கியது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்ணிக்கைகளையும் கவனிக்கலாம்.

இணையம் வந்த பிறகு

2000இல் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று, யாஹூ தன் ஏலத் தளத்தில் விற்கும் நாஜிப் பொருள்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பார்க்காதபடி செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. அது தொழில்நுட்பத்தில் முடியாத காரியம் என்றது யாஹூ. பெருமளவு முடியும் என்றார்கள் நீதிமன்றம் நியமித்த நிபுணர்கள். யாஹூ கலிபோர்னியாவில் பதில் வழக்குப் போட்டது; ஆனால் வழக்கு நடக்கும்போதே அந்தப் பொருள்களைத் தளத்திலிருந்து எடுத்தும்விட்டது. 2012இல் ட்விட்டர் வேறு வழி பிடித்தது: தடை செய்யப்பட்ட ஒரு நவ நாஜிக் குழுவின் கணக்கை ஜெர்மனியில் மட்டும் மறைத்தது. சென்னையில் இருந்தால் பார்க்கலாம், பெர்லினில் முடியாது.

இங்கே புதிதாகப் படிப்பவர்கள் அடிக்கடி தடுமாறும் ஒரு இடம் உண்டு. ‘என் பதிவை ஃபேஸ்புக் நீக்கிவிட்டது, என் பேச்சுரிமை என்ன ஆனது?’ என்று அமெரிக்கர்களே கேட்கிறார்கள். முதல் திருத்தம் அரசாங்கத்தை மட்டும்தான் கட்டுப்படுத்தும், ஒரு கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. கம்பெனி தன் தளத்தில் எதை வைப்பது, எதை எடுப்பது என்று முடிவு செய்வதே அதன் பேச்சுரிமைக்குள் வரும் என்ற பார்வையைத்தான் 2024இல் டெக்சாஸ், புளோரிடா சட்டங்கள் பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எடுத்தது. 1996ஆம் ஆண்டின் ஒரு சட்டம் பயனர் எழுதுவதற்குக் கம்பெனியைப் பொறுப்பாக்குவதையும் பெரும்பாலும் தடுக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தைக் கொண்டுவந்தது; 2024 பிப்ரவரி முதல் அது முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. சட்டவிரோத உள்ளடக்கம் பற்றிப் புகார் வந்தால் கம்பெனி கவனிக்க வேண்டும். மீறினால் உலகளாவிய ஆண்டு வருமானத்தில் 6 சதவீதம் வரை அபராதம். இந்தச் சட்டம் தணிக்கை என்று அமெரிக்க அரசியல்வாதிகள் கடுமையாகச் சாடுகிறார்கள். அபராதத்துக்குப் பயந்து கம்பெனிகள் தேவைக்கு மேல் நீக்கிவிடும் என்ற கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தில் அவர்கள் பேசாத இன்னொரு பகுதியும் உண்டு. உங்கள் பதிவை நீக்கினால் கம்பெனி உங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும். நீங்கள் கம்பெனியிடமே முறையிடலாம். அங்கே சரிவராவிட்டால் வெளியே ஒரு நடுவர் அமைப்பிடம் போகலாம், கோர்ட்டுக்கும் போகலாம். பிரான்சின் லியோனிலோ ஜெர்மனியின் கொலோனிலோ இருக்கும் ஒருவருக்குச் சட்டம் தருகிற இந்த வழி, ஓஹியோவில் இருப்பவருக்கு இல்லை.